ஃபைஃபாக்ஸ் செயலி: சுழல் நாற்காலியில் மையநோக்கு முடுக்கம்

மாறாத வேகத்தில் வட்டமடிக்கும் பொருளுக்கு முடுக்கம் உண்டா என்று பிளஸ் ஒன் வகுப்பில் கேட்டால், "வேகம்தான் மாறலையே சார்" என்றுதான் பதில் வரும். திசை திரும்பினாலே திசைவேகம் மாறிவிடுகிறது என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டலாம். அளந்து பார்க்கும்போதுதான் மனதில் பதியும். அப்படி அளக்க உதவுவது ஃபைஃபாக்ஸ். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2016ல் வெளியிட்டது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இலவசம், விளம்பரம் இல்லை.

மெக்கானிக்ஸ் பகுதியில் 'சென்ட்ரிபெட்டல் ஆக்சிலரேஷன்' என்ற சோதனை இருக்கிறது. போனில் முடுக்கத்தை அளக்கும் முடுக்கமானியும் சுழலும் வேகத்தை அளக்கும் கைரோஸ்கோப்பும் சேர்ந்து இயங்க, கோணத் திசைவேகத்துக்கு (ω) எதிராக முடுக்கம் (a) புள்ளி புள்ளியாக விழும். அடுத்த வரைபடத்தில் கிடை அச்சு ω². அங்கே புள்ளிகள் நேர்கோட்டில் அமையும். a = ω²r என்பதால், கோட்டின் சாய்வுதான் ஆரம்.

ஒரு சுழல் நாற்காலியும் பலகையும் போதும். சுழல் அச்சிலிருந்து போனின் நடுப்பகுதி 30 செ.மீ. தள்ளி இருக்கும்படி, இரட்டைப் பக்க டேப்பும் ரப்பர் பேண்டும் போட்டு இறுக்குங்கள். லேசாக அசைந்தாலும் புள்ளிகள் சிதறும். 2 வினாடிக்கு ஒரு சுற்று என்றால் ω = 3.14 ரேடியன்/வினாடி, முடுக்கம் சுமார் 3 மீ/வி². வினாடிக்கு ஒரு சுற்றானால் 11.8. வேகம் இரட்டிக்க, முடுக்கம் நான்கு மடங்காகிறது. 'ரிமோட் ஆக்சஸ்' வசதியை இயக்கினால், அதே வைஃபையில் உள்ள மடிக்கணினியின் பிரவுசரில் வகுப்பு முழுக்க இதை நேரலையாகப் பார்க்கலாம். செயலியின் மிகப் பெரிய பலம் இதுதான்.

பலர் தடுமாறும் இடம் தொடக்கம். நாற்காலியைத் தள்ளும் கணத்தில் தொடுகோட்டு முடுக்கமும் சேர்ந்துகொள்வதால் புள்ளிகள் கோட்டுக்கு மேலே போய்விடும். தள்ளிவிட்டுக் கையை எடுத்த பிறகு பதிவைத் தொடங்குங்கள். 'டைம்டு ரன்' வசதியில் தாமதம் வைத்துக்கொள்ளலாம். நாற்காலி தானாக வேகம் குறைந்து நிற்கும் வரை பதிவானால் எல்லா ω மதிப்புகளும் ஒரே ஓட்டத்தில் கிடைத்துவிடும்.

அடுத்த குழப்பம்: ஸ்கேலில் 30 செ.மீ., சாய்விலோ 0.27 மீ. இது பிழையல்ல. முடுக்கத்தை அளக்கும் சில்லு (சிப்) போனின் நடுவில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. போனை அதே இடத்தில், தலைப்பக்கமும் அடிப்பக்கமும் இடம் மாறும்படி திருப்பி ஒட்டி மறுபடி சுற்றுங்கள். இப்போது 0.33 வந்தால், சராசரி 0.30. வித்தியாசத்தில் பாதியான 3 செ.மீ.தான் சில்லு நடுவிலிருந்து விலகியிருக்கும் தூரம். கைரோஸ்கோப்புக்கு இந்தக் கவலை இல்லை, பலகையில் எங்கே வைத்தாலும் ω ஒன்றுதான்.

குறை என்று சொன்னால், இந்தச் சோதனை முடுக்கத்தின் அளவை மட்டுமே காட்டுகிறது. மாணவருக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது திசை. அதற்கு, புவியீர்ப்பை (ஜி) கழித்துக் காட்டும் 'ஆக்சிலரேஷன் வித்தவுட் ஜி' சோதனைக்குப் போக வேண்டும். போனின் தலைப்பக்கம் வெளியே பார்க்க வைத்தால், போனின் நீளவாக்கில் உள்ள y மதிப்பு எதிர்க்குறியில் வரும், திருப்பினால் நேர்க்குறி. இரண்டு முறையும் முடுக்கம் மையத்தை நோக்கியே இருக்கிறது. வெளியே தள்ளும் விசை என்ற எண்ணம் இங்கே உடைவதைப் பார்க்கலாம்.

சில போன்களில் புவியீர்ப்பைக் கழிக்கும் கணக்கு நீண்ட சுழற்சியில் தடம் மாறும். அப்போது 'வித் ஜி' சோதனையில் x, y மதிப்புகளை மட்டும் எடுங்கள். சுற்றும் முன் இரண்டும் 0க்கு அருகில் இருக்க வேண்டும். போன் 2 டிகிரி சாய்ந்திருந்தாலே 0.34 மீ/வி² பொய்யாகச் சேரும்.

விலை குறைந்த பல போன்களில் கைரோஸ்கோப் இருக்காது, 'சென்ட்ரிபெட்டல் ஆக்சிலரேஷன்' சோதனை இயங்காது. அப்படியானால் ஒரே சீராகச் சுழலும் மேசையில் போனை வைத்து, 10 சுற்றுக்கான நேரத்தை ஸ்டாப்வாட்சில் எடுத்து, 62.8ஐ அந்த வினாடிகளால் வகுத்தால் ω கிடைக்கும்.