கிளாக் 19 இடுப்பு உறை: எல்லாம் சரி, அந்த ஸ்க்ரூ மட்டும்

டாலஸில் இருக்கும் தம்பி ஒருவர் குடியுரிமை கிடைத்த சூட்டோடு ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கியிருக்கிறார். "அண்ணா, பேன்ட்டுக்குள்ள வைக்கிற ஹோல்ஸ்டர் எது உறுத்தாம இருக்கும்? நீங்க ரொம்ப நாளா போடுறீங்களே" என்று கேட்டார். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அது புகார்ப் பட்டியலாக மாறிவிட்டது. நிதானமாக எழுதினால் நான் போட்டிருக்கும் உறைக்கும் கொஞ்சம் நியாயம் கிடைக்கும் என்று பார்க்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாத ஒருவர் லைசென்ஸ் இல்லாமலே மறைத்து எடுத்துப் போகலாம். ஆனால் எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக இடம் தராது. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் உண்டு, அதை வக்கீலிடம் கேளுங்கள். என்னிடம் கேட்காதீர்கள்.

சரி, உறைக்கு வருவோம். கிளாக் 19-ஐ காம்பேக்ட், அதாவது கச்சிதமானது, என்பார்கள். ஆனாலும் 15 தோட்டா நிரம்பிய மேகசினோடு முக்கால் கிலோவைத் தாண்டிவிடும். சட்டைக்கு வெளியே புடைத்துக் காட்டிக்கொடுப்பது பெல்ட்டுக்கு மேலே நிற்கும் பிடிதான், குழல் இல்லை. வாங்கப் போகும் முன் இது புரிந்தால் காசு மிச்சம்.

முதலில் நான் போட்டது தோலும், கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக்கும் கலந்த உறை, வலது இடுப்புக்குப் பின்னால். நிற்கும்போது சொகுசு. மளிகைக் கடையில் கீழ்த்தட்டு அரிசி மூட்டையைக் குனிந்து தூக்கினால் பிடி சட்டையைக் கூடாரமாகத் தூக்கி நிறுத்தும். காரில் உட்கார்ந்தால் சீட்டுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அழுத்தும். சீட் பெல்ட் பக்கிளும் அதே பக்கம். போதாததற்கு வாய்ப்பகுதித் தோல் நாள்பட நாள்படத் தளர ஆரம்பித்தது. கிளாக்கில் தனியாகக் கட்டைவிரலால் போடும் சேஃப்டி கிடையாது. தளர்ந்த தோல் மடங்கி ட்ரிக்கர் கூட்டுக்குள், அதாவது ட்ரிக்கரைச் சுற்றியிருக்கும் வளையத்துக்குள், போனால், துப்பாக்கியை உள்ளே தள்ளும்போது வெடித்துவிடும். அப்படிக் காலில் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. தளர்வு தெரிந்த அன்றே அதைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கிற மெத்துமெத்து நைலான் பையும் அதே ஜாதிதான்.

அப்புறம் வந்தது இப்போது போட்டிருக்கும் முழு கைடெக்ஸ் உறை. முன்பக்கம், தொப்புளுக்குக் கொஞ்சம் வலதாக, பேன்ட்டுக்குள் வைப்பது. அப்பெண்டிக்ஸ் கேரி என்பார்கள். எனக்குத் தொப்பை உண்டு, இது சரிப்படாது என்றுதான் நினைத்திருந்தேன். சரிப்பட்டது, அதுவும் எதிர்பாராத காரணத்தால்.

உறையின் கீழ்ப்பகுதியில், உடம்பைப் பார்த்த பக்கம், ஒரு ஃபோம் துண்டு ஒட்டியிருக்கிறது. வெட்ஜ் என்று பெயர். அது கீழ்முனையை அடிவயிற்றிலிருந்து வெளியே தள்ள, மேலே பிடி தானாகவே வயிற்றுக்குள் சாய்கிறது. பெல்ட்டுக்கு அடியில் ஒரு சின்னக் கொம்பு, கிளா என்பார்கள், பிடியை இன்னொரு பக்கமிருந்து உள்ளே திருப்புகிறது. இரண்டும் சேர்ந்தால் டீ ஷர்ட்டிலேயே மறைந்துவிடும். இன்னொரு வேடிக்கை, உறை நீளமாக இருந்தால்தான் உறுத்தல் குறைவு. குட்டையாக வாங்கினால் கனம் முழுக்கப் பெல்ட்டுக்கு மேலே நின்று குப்புறக் கவிழப் பார்க்கும். நீளமானது பெல்ட்டுக்குக் கீழே கால் ஊன்றி நிற்கும். ஹூஸ்டனிலிருந்து ஆஸ்டின் வரை கார் ஓட்டியும் அது இருப்பதே மறந்துபோகும் அளவுக்குச் சுகம்.

சப்பணம் போட்டு உட்கார மட்டும் ஆசைப்படாதீர்கள். யார் வீட்டிலாவது தரையில் இலை போட்டால் கீழ்முனை தொடை மடிப்பில் குத்தும், ரசம் வருவதற்குள் எழுந்துவிடத் தோன்றும். விருந்துக்கு நான் எடுத்துப் போவதில்லை, கோயிலுக்கும் இல்லை. வேட்டிக்கு இது ஆகாது என்று சொல்லத் தேவையில்லை.

ஹூஸ்டன் வெயிலுக்கு உள்ளே ஒரு பனியன் கட்டாயம், இல்லையென்றால் வேர்க்குரு. கைடெக்ஸ் வியர்வையைக் குடிக்காது, துப்பாக்கியை எடுத்து வைத்துவிட்டுத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். ஆனால் கோடையில் டேஷ்போர்டில் வெயில் படப் போட்டுவிட்டுப் போனால் வளைந்துவிடும், சூட்டில் வளைத்துச் செய்த பொருள்தானே.

இனி அந்த ஸ்க்ரூ.

கைடெக்ஸ் உறை துப்பாக்கியை இறுக்கிப் பிடிப்பது ட்ரிக்கர் கூட்டைச் சுற்றித்தான். ரப்பர் வாஷர் வைத்து ஒரு ஸ்க்ரூ இரண்டு சுவரையும் சேர்த்து இழுக்கிறது. முடுக்கினால் பிடி கூடும், தளர்த்தினால் குறையும். என்னுடையதில் இது நடக்க நடக்கத் தானாகவே தளர்கிறது. பெல்ட்டில் மாட்டும் கிளிப்பைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களும் அப்படியே. வாரக் கடைசியில் உறையைக் கவிழ்த்து ஆட்டிப் பார்த்தால், உள்ளே இருக்கும் காலித் துப்பாக்கி லொடலொடக்கும். நூறு டாலர் சமாச்சாரம் லொடலொடக்கலாமா?

கம்பெனிக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் போட்டு, ஒரு சின்னப் பையில் புது ஸ்க்ரூவும் வாஷரும் காசில்லாமல் அனுப்பினார்கள். குறை சொல்ல முடியாது. அந்தப் புது ஸ்க்ரூவும் தளர்ந்தது.

ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை, நீல திரெட்லாக்கர், போடலாம். ஆனால் அது பட்டால் சில பிளாஸ்டிக் விரிசல் விடும். ஸ்க்ரூவைக் கழற்றி, குண்டூசி முனையில் ஒரு சொட்டு எடுத்து, மரையில் மட்டும் தடவி, திரும்ப முடுக்க வேண்டும். காய்ந்தபின் ஸ்க்ரூ தலையிலிருந்து கைடெக்ஸ் மேல் வரை நெயில் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு. வீட்டில் ஆரஞ்சு நிறம்தான் இருந்தது. கோடு உடைந்து விலகியிருந்தால் ஸ்க்ரூ நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். காலையில் பெல்ட் கட்டும் முன் அதைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது, அதுதான் எரிச்சல். இதைச் செய்துதர வேண்டியது அவர்கள் வேலை.

பள்ளிக்கூடத்துக்குள் போக வேண்டுமென்றாலோ, கூடாது என்று பலகை வைத்த கடையென்றாலோ, துப்பாக்கியை உறையோடு சேர்த்துக் கழற்றி காரில் உள்ள பெட்டியில் பூட்டுவேன். தனியாக உருவக் கூடாது, ட்ரிக்கர் மூடியே இருக்க வேண்டும். திரும்பப் போடும்போதும் அப்படியே. அந்த நேரத்தில் கிளிப் ஆடினால் வருகிற கோபம் இருக்கிறதே!

தம்பி கேட்டதற்குப் பதில்: நான் போட்டதிலேயே உடம்புக்கு இதமானது இதுதான், வெட்ஜ் வைத்த இன்னொன்றைத் தேடிப் பார்த்தும் இவ்வளவு பொருந்தவில்லை. இருந்தும் வாங்கு என்று சொல்ல வாய் வரவில்லை. முதலில் வளையாத, தடித்த ஒன்றரை அங்குல பெல்ட் ஒன்று வாங்குங்கள், உறுத்தலில் பாதி அதிலேயே போய்விடும். உறையைக் கடையில் நேரில் பார்த்து, ஸ்க்ரூவை நீங்களே ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டு எடுங்கள்.