செப்டம்பரில் வடகோடிக்கு: லோஃபோட்டனா, அபிஸ்கோவா?

கேமராவும் நடைபயணக் காலணியும் எடுத்துக்கொண்டு இலையுதிர் காலத்தில் ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே போக நினைப்பவர்கள் கடைசியில் இந்த இரண்டு பெயர்களில்தான் வந்து நிற்கிறார்கள். நார்வேயின் லோஃபோட்டன் தீவுகள், சுவீடனின் அபிஸ்கோ. இரண்டும் 68 டிகிரி அட்சரேகையை ஒட்டியவை. ஷெங்கன் விசா ஒன்றே போதும், செலவும் இரண்டிலும் கை கடிக்கும். என் தேர்வு அபிஸ்கோ. லோஃபோட்டன் அழகில் குறைந்தது என்பதற்காக அல்ல. செப்டம்பரில் அங்கே வானம் கைவிடும் நாட்கள் அதிகம் என்பதற்காக.

ஒளியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. செப்டம்பர் 22-ஐ ஒட்டி நண்பகலிலேயே சூரியன் அடிவானத்துக்கு மேல் 22 டிகிரிதான் ஏறும். அந்தியில் கடைசி 6 டிகிரி இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர்களில் இது 25 நிமிடத்தில் முடிந்துவிடும். பகல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 நிமிடம் குறைந்துகொண்டே வரும். மாதத்தின் நடுவில் இரவு பத்து மணிக்கெல்லாம் துருவ ஒளி பார்க்கப் போதுமான இருட்டு வந்துவிடும்.

வேறுபாடு மழையில் இருக்கிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதுவது லோஃபோட்டனின் செங்குத்து மலைகளில். அங்கிருந்து நார்வே-சுவீடன் எல்லை மலைகளில் ஏறி, மிச்சத்தையும் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக அபிஸ்கோ பள்ளத்தாக்கில் இறங்குகிறது. பள்ளிப் புவியியலில் படித்த மழை மறைவுப் பிரதேசம்தான். அபிஸ்கோவின் ஆண்டு மழை 300 மில்லிமீட்டரை ஒட்டியது. மேற்கே 35 கிலோமீட்டருக்குள் இருக்கும் ரிக்ஸ்கிரான்சனில் அதைப்போல மூன்று மடங்கு பெய்யும். மேற்கில் மேகம் சுவர் கட்டி நிற்க, டோர்னெட்ரேஸ்க் ஏரிக்கு மேலே மட்டும் வானம் திறந்திருப்பது அங்கே சாதாரணக் காட்சி. ஐந்து இரவு தங்கினால் ஒன்றிரண்டு இரவாவது நட்சத்திரம் தெரியும் என்று நம்பிப் போகலாம். லோஃபோட்டனில் ஐந்து இரவும் மூடியே கிடக்கலாம். இது செப்டம்பருக்கான கணக்கு. அக்டோபருக்கும் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

இரண்டாவது, நிறம். லோஃபோட்டனின் பெருமை பாறையும் கடலும். அவை எந்த மாதத்திலும் அதேதான். இலையுதிர் காலத்தில் புல் வைக்கோல் நிறமாகும், ரோவன் மரங்கள் சிவக்கும், அவ்வளவே. கருவாடு காயப்போடும் மரச்சட்டங்களும் செப்டம்பரில் வெறுமையாக நிற்கும். காட் மீன் தொங்குவது குளிர்கால முடிவிலும் வசந்தத்திலும்தான்.

அபிஸ்கோவில் நிறம் அடுக்கடுக்காக வரும். மரங்கள் வளரும் உயர எல்லை ஏறத்தாழ 600 மீட்டர். அதற்கு மேலே தரையோடு தரையாகப் படர்ந்த ஆல்பைன் பேர்பெர்ரி செப்டம்பர் முதல் வாரத்திலேயே இரத்தச் சிவப்பாகிவிடும். குனிந்து பார்த்தால் ஒரே இலையில் நரம்பு மட்டும் பச்சையாக, இடைப்பகுதி சிவப்பாக, விளிம்பு பழுப்பாக இருக்கும். அடுத்து முழங்கால் உயரக் குட்டை பிர்ச் புதர் செம்பு நிறமாகும். பள்ளத்தாக்கின் மலை பிர்ச் காடு 10 முதல் 15 தேதிக்குள் மஞ்சளாகும். கீழே இன்னும் பச்சையாக இருந்தால் 300 மீட்டர் ஏறினால் போதும். மேலே முடிந்துவிட்டால் கீழே இறங்கினால் போதும். தேதி ஒரு வாரம் முன்பின் போனாலும் பயணம் வீணாகாது என்பதற்கு இதுவே காரணம். ஆனால் ஒரு புயல் இரவு போதும், பிர்ச் இலை முழுவதும் தரையில் கிடக்கும். 20 தேதிக்குப் பிறகு அந்த அபாயம் கூடும்.

படமெடுக்கும்போது இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும். மஞ்சள் இலை நிறைந்த சட்டத்தில் சாதாரண ஹிஸ்டோகிராம் (ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) சரியாகத் தெரிந்தாலும் சிவப்பு சானல் மட்டும் அளவு மீறி வெடித்திருக்கும், இலை பெயின்ட் அடித்தது போலாகிவிடும். நிறவாரியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் பார்த்து எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது போலரைசர் என்னும் லென்ஸ் வடிகட்டி. ஈர இலையின் பளபளப்பை வெட்டி நிறத்தை வெளியே கொண்டுவர அது கட்டாயம் வேண்டும். ஆனால் 24 மில்லிமீட்டருக்குக் குறைந்த லென்ஸில் வானத்தையும் சேர்த்தால் நீலம் திட்டுத்திட்டாகும். காற்றில் ஆடும் இலைக்கு டிரைபாட் உதவாது. ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 800 வரை ஏற்றி ஷட்டரை 1/200 வினாடி வைப்பதே வழி.

நடை விஷயத்தில் அபிஸ்கோ பரந்தது, லோஃபோட்டன் செங்குத்தானது. லோஃபோட்டனின் ரெய்னேப்ரிங்கன் மலை 448 மீட்டர்தான், நேபாள ஷெர்பாக்கள் கட்டிய ஏறத்தாழ 2,000 கல்படிகள். ஈரமானால் ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து; மேலே மேகம் உட்கார்ந்துவிட்டால் அத்தனை படியும் ஏறி வெள்ளைத்திரையைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். 543 மீட்டர் ரீட்டன் மலை அதைவிடச் சாதுவானது. அபிஸ்கோவிலோ குங்ஸ்லேடன் பாதை ரயில் நிலையத்தின் அருகிலேயே தொடங்குகிறது. முதல் நாள் பிர்ச் காட்டுக்குள் 15 கிலோமீட்டர் நடந்து அபிஸ்கோயாவ்ரே குடில், மறுநாள் மரமில்லா மேட்டுநிலத்தில் 20 கிலோமீட்டர் நடந்து அலெஸ்யாவ்ரே குடில். போய்த் திரும்ப நான்கு நாள், 70 கிலோமீட்டர். மூட்டை தூக்க விருப்பமில்லாதவர்கள் நூல்யா மலைச் சரிவில் 900 மீட்டர் வரை ஏறினால் லாப்போர்டன் என்னும் அந்த யு வடிவப் பள்ளத்தாக்கு தென்கிழக்கில் நேர் எதிரே தெரியும். மாலை வெயில் முதுகுக்குப் பின்னாலிருந்து அதன்மேல் விழும்.

கவனிக்க வேண்டியவை சில. மலைக்குடில்களில் மின்சாரம் கிடையாது. நான்கு நாளுக்கு நான்கு கேமரா பேட்டரி, ஒரு 20,000 எம்ஏஹெச் பவர்பேங்க். இரவில் பேட்டரியைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சதுப்பில் போட்டிருக்கும் பலகைகள் காலையில் உறைபனியால் கண்ணாடிபோல் வழுக்கும். குடில்களை செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் மூடிவிடுவார்கள். 1909-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவின் எல்லைக்குள் குறித்த இடங்களில் மட்டுமே கூடாரம் போடலாம். குளிரிலிருந்து கணப்பு எரியும் குடிலுக்குள் நுழையுமுன் கேமராவை ஜிப் பைக்குள் போட்டு மூடி, ஒரு மணி நேரம் கழித்துத் திறவுங்கள். இல்லையென்றால் லென்ஸுக்குள் வேர்த்துவிடும்.

லோஃபோட்டன் வெல்லும் இடமும் உண்டு. ஈ10 சாலையை ஒட்டியோ அதிலிருந்து சற்றுத் தள்ளியோ ஹாம்நோய், ரெய்னே, ஹாக்லாண்ட் போன்ற படமெடுக்கும் இடங்கள் எல்லாம் இருப்பதால் காரில் உட்கார்ந்து மழை விடக் காத்திருந்து, கிடைக்கும் இருபது நிமிடத்தில் எடுத்துவிடலாம். மழை விடும் அந்த இடைவெளியில் கடல்மேல் விழும் ஒளிக்கு அபிஸ்கோவில் ஈடு இல்லை. மூட்டு வலி உள்ளவர்களுக்கும் அதுவே பொருத்தம். கார் இல்லாமல் மட்டும் போகாதீர்கள். கடற்கரையில் நிறுத்திய டிரைபாடை அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பும் மணலும் கால் பூட்டுக்குள் போனால் மறுநாள் திருகவே வராது.

பத்து நாளுக்கு மேல் இருந்தால் இரண்டையும் சேர்க்கலாம். அபிஸ்கோவிலிருந்து நார்வேயின் நார்விக் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள். அங்கிருந்து பேருந்தில் லோஃபோட்டனின் ஸ்வோல்வேர் ஏறத்தாழ நான்கு மணி நேரம். அபிஸ்கோவை முதலில் வையுங்கள். பிர்ச் இலை காத்திருக்காது.