மைதானக் கூட்டமா, வீட்டுச் சந்திப்பா?

திருகோணமலையில் சபைக் கமிட்டி கூடினால் நற்செய்திப் பணி பற்றி இந்தக் கேள்விதான்.

செலவு: கூட்டத்துக்கு மேடை, கதிரை, ஒலிபெருக்கி வாடகை. வீட்டுக்கு மோட்டார் சைக்கிளும் பெற்றோலும் போதும்.

அனுமதி: ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் இருக்கிற ஊர். சத்தம் கூடினால் மனக்கசப்புத்தான். வீட்டில் அந்தத் தொல்லையில்லை, ஆனால் கூப்பிடாத வீட்டுக்குப் போகக் கூடாது.

நிலைப்பு: கூட்டத்தில் இயேசுவை ஏற்கிறேன் என்று கை உயர்த்தியவரை அடுத்த ஞாயிறு சபையில் காணோம். வீட்டுச் சந்திப்பு வேறு: உப்புவெளியில் வலை பொத்திக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "2004 சுனாமியில போன மகன் எங்க இருப்பான் தம்பி?" என்றார். அதற்கு மைக்கில் பதில் சொல்ல முடியுமா? தேத்தண்ணி ஆறும்வரை பேசாமல் இருந்தோம்.

புதிய சபை ஊருக்கு அறிமுகமாக வேண்டுமா? நத்தார் கரோலோடு சின்னக் கூட்டம் சரி. ஆட்கள் நிலைக்க வேண்டுமென்றால் வீடுதான்.