கூகுள் ஸ்காலர் பக்கம்: இனிஷியல் படுத்தும் பாடு

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் நமக்கென ஒரு பக்கம் தொடங்கக் காசு கிடையாது, பத்து நிமிடத்தில் தயார். எழுதியதை எல்லாம் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள 5-க்கு 4 கொடுக்கலாம். ஆளை எடைபோட என்றால் ஒன்றரைதான். சேப்பாக்கத்திலோ கிண்டியிலோ நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர், அது காட்டும் எச்-இண்டெக்ஸ் என்ற ஆய்வு மதிப்பெண்ணை விண்ணப்பத்தில் எழுதும் முன் பக்கத்தை ஒரு மாலை உட்கார்ந்து சலித்துவிடுவது நல்லது.

முதல் வில்லங்கம் நம் பெயர்தான். ஒரு கட்டுரையில் ‘கே. செந்தில்’, அடுத்ததில் ‘செந்தில் கே’, பாஸ்போர்ட் எடுத்த பிறகு ‘செந்தில் குமரேசன்’. தொடங்கும்போதே ‘இவை உங்களுடையவையா’ என்று கொத்துக் கொத்தாகக் காட்டும். அவசரத்தில் எல்லாவற்றையும் டிக் அடித்தால், வேறு எந்தச் செந்திலோ எழுதிய கான்கிரீட் கட்டுரை வேதியியல்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். தேர்வுக் குழு அதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? தானாகச் சேர்க்கும் வசதியை அணைத்து, மெயிலில் கேட்டுச் சேர்க்கும்படி வையுங்கள். ஒரே கட்டுரை இரண்டாக வந்திருந்தால் ஒன்றை அழிக்க வேண்டாம். இரண்டையும் டிக் அடித்து மெர்ஜ் கொடுங்கள். அழித்தால் அதன் மேற்கோள்களும் (மற்றக் கட்டுரைகள் அதைச் சுட்டிய எண்ணிக்கை) கணக்கில் வராது.

எச்-இண்டெக்ஸ், இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-இல் சொன்ன கணக்கு: தலா நான்கு மேற்கோளாவது வாங்கிய கட்டுரைகள் நான்கு இருந்தால் எச் 4, தலா ஐந்து வாங்கியவை ஐந்து இருந்தால் 5. ஆறு கட்டுரைகளுக்கு மேற்கோள்கள் 40, 12, 6, 5, 3, 1 என்றால் எச் 4. முதல் கட்டுரை 400-ஐத் தொட்டாலும் அது நகராது. ஐந்தாவதற்கு இன்னும் இரண்டே இரண்டு வந்தால் 5 ஆகிவிடும். பதவி உயர்வு ஆசை கைவைப்பது இந்த இரண்டில்தான். அடுத்து எழுதும் இரண்டு கட்டுரைகளில், தேவையோ இல்லையோ, தன் ஐந்தாவது கட்டுரையைத் தானே செருகிவிடலாம். ஸ்காலர் அதைக் கழிப்பதில்லை. ஸ்கோபஸ் என்ற இன்னொரு ஆய்வுத் தரவுத்தளத்தில் தன்மேற்கோளைக் கழித்துப் பார்க்க முடியும்; விவரம் தெரிந்தவர் குழுவில் இருந்தால் அதைத்தான் முதலில் திறப்பார்.

தமிழ்த்துறைக்காரர்கள் பாவம். அச்சில் மட்டும் வந்த ஆய்விதழ்க் கட்டுரைகளைக் கையால்தான் சேர்க்க வேண்டும், மேற்கோள் எண்ணும் பெரும்பாலும் ஏறாது.

பக்கம் தேடலில் தெரிய வேண்டுமானால் கல்லூரி மெயிலால் உறுதி செய்திருக்க வேண்டும், ஜிமெயில் செல்லாது. கல்லூரி மெயில் கிடைக்காத கௌரவ விரிவுரையாளருக்கு இங்கேயே கதவு அடைபட்டுவிடுகிறது. கல்லூரி மாறுகிறவர்கள் புது முகவரி கைக்கு வந்ததும் அதை மாற்றி, மறுபடி உறுதி செய்துகொள்ளுங்கள்.