இன்டர்ன்ஷிப்: மதுரை ஆடிட்டர் ஆபீஸா, சென்னை கம்பெனியா?

மதுரையில் பி.காம். படிக்கிறீர்கள், ஃபைனான்ஸ் துறையில் வீட்டுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை என்றால், என் ஓட்டு முதலில் உள்ளூர் ஆடிட்டர் ஆபீஸுக்குத்தான். சிபாரிசு இல்லாமலே ரெஸ்யூமேயோடு நேரில் போய்க் கேட்கலாம். போகிற தேதிதான் முக்கியம். மாதாமாதம் ரிட்டர்ன் போடும் வியாபாரிகளுக்கு விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி, வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20ஆம் தேதி கடைசி. அந்த நெருக்கடியில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். 20 தாண்டியதும் போங்கள். சேர்ந்துவிட்டால், கீழமாசி வீதி மளிகைக் கடையின் கொள்முதல் பில்களை, சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பீர்கள். சப்ளையர் ஒரு பில்லைக் கணக்கில் காட்டாமல் விட்டால், அதில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வரவு கடைக்காரருக்குக் கிடைக்காது. டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரும் கைக்கு வந்துவிடும். ஸ்டைபண்ட் சொற்பம், சில இடங்களில் அதுவும் கிடையாது. முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சென்னை கம்பெனி கூடுதலாகக் கொடுத்தாலும் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். ஆன்லைன் விண்ணப்பக் குவியலில் நம் பெயர் கண்ணில் பட, லிங்க்ட்இன்னில் நம் கல்லூரி சீனியர்களுக்கு எழுத வேண்டும்: மூன்றே வரி, ஒரு தெளிவான கேள்வி. பங்குச்சந்தை, முதலீட்டு ஆய்வு என்றுதான் மனசு இருக்கிறதா? அப்படியென்றால் சென்னை வழிதான் சரி. பங்குச்சந்தைத் துறைக்கான என்ஐஎஸ்எம் சான்றிதழ்த் தேர்வு ஒன்றை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.