வான்கோழி வேட்டைக்குப் புதியவர்கள் வாங்க வேண்டிய சோக்கும் தோட்டாவும்: லாங் பியர்ட் எக்ஸ்ஆர் பற்றி ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டைக்கு முதன்முறையாகக் கிளம்புகிறவரிடம் ஏற்கெனவே ஒரு 12 கேஜ் ஷாட்கன் (ஒரே வெடியில் பல சிறு குண்டுகளைச் சிதறடிக்கும் துப்பாக்கி; கேஜ் என்பது குழலின் அளவு) இருக்குமானால், அவர் யோசித்து வாங்க வேண்டியவை இரண்டுதான்: குழலின் வாயில் திருகிப் பொருத்தும் சோக் ஒன்று, அதனுடன் ஒத்துப்போகும் தோட்டா ஒரு பெட்டி. ஒன்றை விட்டு மற்றொன்றை மதிப்பிடுவதில் பொருளில்லை என்பதால், வின்செஸ்டர் நிறுவனத்தின் லாங் பியர்ட் எக்ஸ்ஆர் தோட்டாவை, துப்பாக்கியுடனேயே வந்த ஃபுல் சோக்கிலும் தனியாக வாங்கிய வான்கோழி சோக்கிலும் சுட்டுப் பார்த்து இதை எழுதுகிறேன்.

காட்டு வான்கோழியின் உடலைத் தடித்த இறகுகளும் நெஞ்சுத் தசையும் மூடியிருப்பதால், தலையையும் கழுத்தையும் குறிவைத்துத்தான் சுட வேண்டும். அந்தச் சிறிய இடத்தில் ஒரே நேரத்தில் பல குண்டுகள் பாய்ந்தால் பறவை நின்ற இடத்திலேயே விழும். ஒன்றிரண்டு மட்டும் பட்டால் காயத்தோடு ஓடிப்போய்ப் புதருக்குள் சாகும். குண்டுகள் சிதறாமல் நெருக்கமாகச் செல்வதற்காகக் குழல்வாயைச் சற்றே குறுக்குவதுதான் சோக்கின் வேலை. 12 கேஜ் குழலின் உள்விட்டம் பெயரளவில் 0.729 அங்குலம், ஃபுல் சோக் அதை ஏறத்தாழ 0.695 அங்குலமாகக் குறைக்கிறது. வான்கோழிக்கென விற்கப்படும் சோக்குகளில் பல 0.640 முதல் 0.670 வரை இறங்குகின்றன. எண் குறையக் குறைய நல்லது என்ற நம்பிக்கை கடைகளில் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அளவு மீறி நெருக்கினால் மென்மையான ஈயக் குண்டுகள் ஒன்றோடொன்று மோதி நசுங்கி, கோணலாகப் பறந்து, நடுவில் ஓட்டை விழுந்த சிதறலைத் தரும்.

லாங் பியர்ட் தோட்டாவின் சிறப்பு இந்த நசுங்கலைக் குறைப்பதில்தான் இருக்கிறது. மூன்று அங்குலத் தோட்டாவின் முனையைப் பிரித்துப் பார்த்தால், செம்பு பூசிய ஈயக் குண்டுகள் உதிர்ந்து விழுவதில்லை. பாகில் இறுகிய எள்ளுருண்டையைப் போல, ஒரு பிசினில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. சுடும்போது அந்தப் பிசின் தூளாக நொறுங்கி, குண்டுகளுக்கிடையே மெத்தையாகிவிடுவதால், அவை பெரும்பாலும் உருண்டை வடிவம் கெடாமல் வெளியேறுகின்றன. குண்டுகளின் மொத்த எடை 1¾ அவுன்ஸ், வேகம் நொடிக்கு 1,200 அடி. 4, 5, 6 ஆகிய எண்களில் கிடைக்கிறது; எண் கூடக் கூடக் குண்டு சிறியதாகும். ஐந்தாம் எண்ணில் ஏறத்தாழ 300 குண்டுகளும், ஆறாம் எண்ணில் 400ஐ நெருங்கும் குண்டுகளும் இருக்கும்.

எந்தத் தோட்டாவையும் காகிதத்தில் சுட்டுப் பார்க்காமல் காட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. பெரிய காகிதத்தின் நடுவில் புள்ளி வைத்துச் சுட்டு, துளைகள் மிகுந்த இடத்தைச் சுற்றிப் பத்து அங்குல வட்டம் வரைந்து, உள்ளே விழுந்த துளைகளை எண்ண வேண்டும். நூறு இருந்தால் அந்தத் தூரத்துக்கு அது போதும் என்பது வேட்டைக்காரர்களிடையே வழங்கும் அளவுகோல். அந்த அளவுகோலின்படி, 30 கஜம் வரை துப்பாக்கியோடு வந்த ஃபுல் சோக்கே தாராளமாகப் போதுமானது என்பதுதான் நான் கண்டது. 40 கஜத்தில் வான்கோழி சோக் தெளிவாக முந்துகிறது. ஆனால் 15 கஜத்தில் அதே சோக்கின் சிதறல் ஒரு கைப்பிடி அகலம்கூட இல்லை. பொம்மைப் பெட்டையை நம்பி மிக அருகில் வந்து நிற்கும் சேவலைப் பதற்றத்தில் தவறவிடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். புதியவர் சுடப்போகும் முதல் பறவை பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தான் இருக்கும். ஆகவே 0.665 அளவிலான, மிதமான வான்கோழி சோக்கைத்தான் நான் பரிந்துரைப்பேன், 0.640ஐத் தேடிப் போக வேண்டியதில்லை.

குறை என்றால் பின்னுதைப்பு. முன்பிடியைக் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும், எடை குறைந்த பம்ப் துப்பாக்கியில் இந்தத் தோட்டா தோளை நன்றாகவே இடிக்கிறது. மூன்றரை அங்குல வகையோ இன்னும் மோசம், புதியவருக்கு அது தேவையே இல்லை. உதைக்கு அஞ்சுகிறவர் விசையை இழுக்கும் கணத்தில் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து தூக்கிவிடுவார். குண்டுகள் பறவையின் தலைக்கு மேலே போய்விடும். பயிற்சிக்கு மலிவான இலகு தோட்டாக்களையும், இறுதிச் சோதனைக்கு மட்டும் இவற்றையும் பயன்படுத்துவது தோளுக்கும் பணத்துக்கும் நல்லது.

மாற்றாகச் சொல்லத்தக்கது டங்ஸ்டன் கலவைக் குண்டுகளான டிஎஸ்எஸ் (டங்ஸ்டன் சூப்பர் ஷாட்). ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 11 கிராம் என்றால் இதற்கு 18 கிராம்; எனவே ஒன்பதாம் எண் போன்ற நுண்ணிய குண்டுகூட ஆழமாகப் பாய்கிறது, 12 கேஜைவிடக் குறுகிய குழல் கொண்ட 20 கேஜ் துப்பாக்கியே போதுமானதாகிறது. ஆனால் ஒரு தோட்டாவுக்கே பத்து டாலரைத் தாண்டும் விலை, காகிதத்தில் சுட்டுப் பழகும் பருவத்தில் இருப்பவருக்கு ஒத்துவராது. தோள் வலுவில்லாத சிறுவர்களுக்கு 20 கேஜில் வாங்கிக் கொடுப்பதென்றால் மட்டும் அந்தச் செலவு நியாயமானது. எஃகுக் குண்டுகளை இத்தகைய நெருக்கமான சோக்குகளில் சுடவே கூடாது. குழல் வாயையே அது கெடுத்துவிடக்கூடும்.

சோக் வாங்கும்போது திருகு மரை பொருந்துகிறதா என்று பாருங்கள். ரெமிங்டன் 870 துப்பாக்கிக்கான ரெம் சோக், மாஸ்பர்க் 500 துப்பாக்கியில் ஏறாது. மாஸ்பர்க் 500இன் அக்யூ சோக் மரையும் வின்செஸ்டரின் வின் சோக் மரையும் ஒன்றே. பிரௌனிங்கின் இன்வெக்டரும் இன்வெக்டர் பிளஸ்ஸும் பெயரில்தான் உறவு, மரையில் வேறு. குழலை வெறுமையாக்கிவிட்டு, சோக் முழுவதும் இறுகியிருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறை சுடும் முன்பும் பார்த்துக்கொள்ள வேண்டும். குண்டின் எண்ணுக்கு மாநிலத்துக்கு மாநிலம் வரம்பு வேறுபடுகிறது, சில பொது நிலங்களில் ஈயத்துக்கே தடை உண்டு என்பதால், பெட்டியை வாங்குவதற்கு முன் அந்த மாநில வனவிலங்குத் துறையின் விதிகளைப் படித்துவிடுவது நல்லது. தடையில்லாத இடமானால், மூன்று அங்குல லாங் பியர்டில் ஐந்தாம் எண் பெட்டி ஒன்றை முதலில் வாங்கி, கையிலிருக்கும் ஃபுல் சோக்கில் 30 கஜத்தில் சுட்டுப் பாருங்கள். வட்டத்துக்குள் நூறு துளை விழுந்தால், புதிய சோக்குக்கான பணத்தை அந்த ஆண்டு செலவழிக்கத் தேவையில்லை.