சின்சே ஆவதா, எலி வளர்ப்பதா? பட்டம் வாங்கிய பிறகு சீன மருத்துவம்

அக்கா மகள் பினாங்கில் சீன ஆரம்பப் பள்ளியில் படித்தவள். மண்டரின் சரளமாகப் பேசுவாள். இங்கிலாந்தில் உயிரித்தொழில்நுட்பத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவள், வந்த கையோடு, "மாமா, நான் சீன மருத்துவத்தில் மாஸ்டர்ஸ் பண்ணப்போறேன்" என்றாள். அக்கா முகத்தைப் பார்க்கணுமே! "இவ்வளவு செலவு பண்ணிப் படிக்கவைத்தது சின்சே கடையில் உட்காரவா?"

சின்சே என்றால் இங்கே சீன வைத்தியர். பஞ்சாயத்து என்னிடம் வந்தது. சரி, எந்த ஊரில் எந்தப் படிப்பு என்று இரண்டு வாரம் நானும் அவளும் உட்கார்ந்து அலசினோம்.

முதலில் சீனா. பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய நான்கு ஊர்களிலும் 1956இல் தொடங்கிய சீன மருத்துவக் கல்லூரிகள் இன்று பெரிய பல்கலைக்கழகங்கள். முதுகலை மூன்று வருடம். அதில் இரண்டு வகை உண்டு. ஷுவேஷு என்பது ஆய்வுப் பட்டம், ஜுவான்யே என்பது தொழிற்பட்டம். விண்ணப்பத்தில் ஒரு சொல்தான் வித்தியாசம், ஆனால் அந்த மூன்று வருடமும் தலைகீழாக இருக்கும். தொழிற்பட்டக்காரர்களுக்கு ஆஸ்பத்திரி வார்டுதான் வகுப்பு. ஆய்வுப் பட்டக்காரர்களுக்கு ஆய்வுக்கூடம், எலி, கட்டுரை. தொழிற்பட்டத்துக்கு ஏற்கெனவே மருத்துவத்தில் இளங்கலை இருக்க வேண்டும். உயிரித்தொழில்நுட்பம் படித்தவளுக்கு எலிதான்.

உள்ளூர் மாணவர்கள் டிசம்பரில் எழுதும் நுழைவுத் தேர்வு மொத்தம் 500 மதிப்பெண். அதில் 300 சீன மருத்துவத்துக்கே போய்விடும். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. சான்றிதழ்களைப் பார்த்து, நேர்காணல் வைத்து எடுப்பார்கள். ஆனால் எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வில் ஐந்தாம் நிலையைப் பொதுவாகக் கேட்கிறார்கள். பேச்சில் சரளம் என்பதை நம்பிப் போக முடியாது, இவளுக்கு எழுத்து துருப்பிடித்துக் கிடந்தது. பண விஷயத்தில் சீனாவை அடிக்க ஆளில்லை. சீன அரசின் உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் விடுதியும் இலவசம், முதுகலைக்கு மாதம் 3,000 யுவான் கைச்செலவுக்கு.

குவாங்சோவில் படிக்கும் தோழியைப் பார்க்கப் போனவள், ஒரு நாள் அவளோடு புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அதை அவள் சொன்ன விதத்தில்தான் எனக்கு விஷயமே புரிந்தது. டாக்டர் மணிக்கட்டில் மூன்று விரல் வைக்கிறார். நம் சித்த மருத்துவர் வைக்கும் அதே மூன்று விரல்தான். நாம் அதில் வாதம், பித்தம், கபம் என்று படிக்கிறோம். அவர்கள் இடது கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம் என்றும், வலது கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம் என்றும் படிக்கிறார்கள். அப்புறம் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிறார். பக்கத்தில் மூன்று மாணவர்கள் குனிந்தபடி மருந்துச் சீட்டைப் பிரதி எடுக்கிறார்கள். 'சாவ் ஃபாங்' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. ஒரு சீட்டை இவள் எட்டிப் பார்த்தாள்: பட்டை மரத்தின் இளங்குச்சி, இஞ்சி, அதிமதுரம், சீன இலந்தை, வெள்ளைப் பியோனி வேர். ஜாங் ஜோங்ஜிங் என்ற பழைய சீன வைத்தியர் ஏறக்குறைய 1,800 வருடத்துக்கு முன் எழுதி வைத்த கூட்டு. "பாதி நம்ம வீட்டு அஞ்சறைப்பெட்டி மாமா" என்றாள்.

அடுத்து ஹாங்காங். 1999இல் சட்டம் போட்டுத் தொழிலை ஒழுங்குபடுத்திய ஊர். மூன்று பல்கலைக்கழகங்களில் சீன மருத்துவம் இருக்கிறது. ஆராய்ச்சிப் பட்டத்துக்கு ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதலாம், அது இவளுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் நோயாளிகள் பேசுவது கேண்டனீஸ். பினாங்கில் ஹொக்கியன் கேட்டு வளர்ந்தவளுக்கு அது சினிமா பார்க்கத்தான் உதவும். அதைவிடப் பெரிய சிக்கல், மருத்துவராகப் பதிவு செய்யும் தேர்வுக்கு அங்கே சீன மருத்துவ இளங்கலை வேண்டும். மாஸ்டர்ஸை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார முடியாது.

தைவானைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வேறு பாடத்தில் பட்டம் வாங்கியவர்களுக்கென்றே போட்ட படிப்பு அங்கே இருக்கிறது. தாய்ச்சுங்கில் உள்ள சீன மருத்துவப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் நடக்கிறது. ஐந்து வருடம், முடித்தால் உரிமத் தேர்வு எழுதலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியலோடு சீன மொழியும் ஒரு தாள். எல்லாம் பழைய, கோடு நிறைந்த எழுத்து. இங்கே பள்ளியில் சொல்லிக்கொடுப்பது சுருக்க எழுத்து. மாதிரித் தாளை ஒரு பார்வை பார்த்து அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

உள்ளூர் நிலவரமும் இதேதான். மலேசியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம், சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டம். தொழில் செய்யப் பதிவு வேண்டும், பதிவுக்கு அங்கீகரித்த அடிப்படைத் தகுதி வேண்டும். மேல்பட்டம் அந்தக் குறையை நிரப்பாது.

அப்படியானால் ஆய்வுப் பட்டம் வீணா? இல்லை. சீன விஞ்ஞானி து யூயூ மருந்தியல் படித்தவர், பிறகுதான் முழுநேரப் பயிற்சியில் சீன மருத்துவம் கற்றார். பழைய ஏட்டில் எழுதியிருந்ததை வைத்துச் சூடேற்றாமல் ஈதரில் சாறெடுத்து, 1971இல் மலேரியாவுக்கு மருந்து கண்டார், 2015இல் நோபல். எலி வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் யோசிக்காமல் சீனாவின் ஆய்வுப் பட்டத்தைச் சொல்வேன். கையில் ஆங்கிலம் மட்டும்தான் என்றால் ஹாங்காங்.

கடைசியில் அவளிடமே கேட்டேன்: "உனக்கு எலியா, நாடியா?"

"நாடிதான் மாமா."

"அப்போ மாஸ்டர்ஸை மற. முதல் வருடத்திலிருந்து ஐந்து வருட இளங்கலை."

அக்காவுக்கு மறுபடி முகம் மாறியது. இங்கே சுங்கை லோங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்திலேயே அந்தப் படிப்பு இருக்கிறது என்று சொன்னேன். மகளுக்கோ மனம் குவாங்சோவில். சீன அரசு உதவித்தொகையில் இளங்கலைக்கு மாதம் 2,500 யுவான், வயது 25க்குள் இருக்க வேண்டும். அவளுக்கு 23. இப்போது தினமும் ராத்திரி சாப்பாட்டு மேசையில் கட்டம் போட்ட நோட்டில் எழுத்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.